புரியாத்துகள் மங்கோலியரா? ஒரு நீண்ட இடப்பெயர்ச்சியின் கதை

மங்கோலியாவின் வடகிழக்கில், ரஷ்ய எல்லைக்குக் கொஞ்சம் கீழே, கெந்தி மாகாணத்தில் தாதல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. செங்கிஸ் கான் பிறந்த இடம் இதுதான் என்று மங்கோலியர் பலர் நம்புகிறார்கள். 1962-இல், மாஸ்கோவுக்குப் பயந்து செங்கிஸ் கான் பெயரை உரக்கச் சொல்லவே தயங்கிய காலத்தில், அவருடைய 800-ஆவது பிறந்தநாளுக்கு அங்கே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அந்த விழாவுக்குத் துணை நின்ற, ஆளும் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான தோமோர்-ஒச்சிரின் பதவியே பறிபோனது. மங்கோலிய மனதில் அவ்வளவு முக்கியமான ஊர் அது. ஆனால் அங்கே போகிறவர் கண்ணில் முதலில் படுவது நாம் படங்களில் பார்க்கும் வட்டக் கூடாரங்கள் அல்ல, மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள்தான். ஊரில் பெரும்பாலோர் புரியாத்துகள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

மங்கோலியாவின் பெரும்பான்மை இனமான கல்காக்களில் பலர் இந்தப் புரியாத்துகளை நெடுங்காலம் 'பாதி ரஷ்யர்' என்றே பார்த்தார்கள். ரஷ்யாவிலோ அவர்கள் மேல் விழுந்த சந்தேகம் நேர் எதிரானது: இவர்கள் மனசு மங்கோலியா பக்கம் இருக்கிறது என்பது. இரண்டு பக்கமும் அந்தச் சந்தேகத்துக்காக ஆட்களைக் கொன்றிருக்கிறார்கள். அதனால்தான் 'புரியாத்துகள் மங்கோலியரா?' என்ற கேள்வியை வெறும் இனவியல் கேள்வியாக என்னால் பார்க்க முடியவில்லை.

முதலில் எண்ணிக்கை. ரஷ்யாவில் சுமார் 4,60,000 புரியாத்துகள். பெரும்பாலோர் பைக்கால் ஏரியின் இரு கரைகளிலும் அதற்குக் கிழக்கிலும் வாழ்கிறார்கள். மங்கோலியாவில் 45,000 பேர் அளவில். சீனாவின் உள் மங்கோலியாவில், ஹுலுன்புயிர் புல்வெளியில், ஷெனெஹென் என்ற ஆற்றங்கரையில் சில ஆயிரம் பேர். மூன்று நாடுகளிலும் சிறுபான்மை. தங்கள் பெயரையே தாங்கி நிற்கும் புரியாத்தியா குடியரசில்கூட அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவுதான்.

புரியாத் என்று ஒரு தனி இனம் ஆதியிலேயே முழுசாக இருந்தது, அப்புறம் அது சிதறியது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. பல குலங்கள் இருந்தன. அவை புல்லைத் தேடியும் சண்டைக்கும் வரிக்கும் பயந்தும் வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருந்தன. அந்த நகர்வின் நடுவில் ஒரு நாள் இரண்டு பேரரசுகள் கோடு போட்டன. கோட்டின் வடக்கில் அகப்பட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியாத்துகள் ஆனார்கள்.

மங்கோலியரின் மிகப் பழைய நூலான 'மங்கோலியரின் ரகசிய வரலாறு' தொடங்குவதே ஒரு இடப்பெயர்ச்சியில்தான். செங்கிஸ் கானின் முன்னோர் தாய் ஆலன் கோவா. அவளுடைய தந்தை ஹோரிலார்தாய், ஹோரி-துமேத் நாட்டைச் சேர்ந்தவர். அங்கே மென்மயிர் விலங்குகளையும் அணில்களையும் வேட்டையாடுவதில் தகராறு வந்து, ஒருவருக்கொருவர் தடை போட்டுக்கொள்ள, மனம் வெறுத்துத் தன் கூட்டத்தோடு புர்கான் கல்தூன் மலைக்கு வந்து சேர்கிறார். இன்றைய ஹோரி புரியாத்துகள் தங்களை அந்த ஹோரி வழியினர் என்கிறார்கள். அதாவது, செங்கிஸ் கானின் வம்சத்துக்கே பாட்டி எங்கள் வீட்டுப் பெண் என்பது அவர்கள் கணக்கு. அதே நூலில் 'புரியாத்' என்ற பெயரும் வருகிறது: 1207-இல் செங்கிஸ் கானின் மூத்த மகன் ஜோச்சி வடக்கே போய் அடக்கிய காட்டுவாசி மக்களின் வரிசையில். ஆக, மங்கோலியரின் முதல் நூலிலேயே இவர்கள் ஒரு பக்கம் உறவினர், இன்னொரு பக்கம் அடக்கப்பட்ட காட்டு மக்கள். இந்த இரட்டை நிலை அன்றிலிருந்தே கூட வருகிறது.

குலக் கதைகளும் ஒன்றுபோல இல்லை. கிழக்கில் வாழும் ஹோரிகளின் கதையில், பைக்கால் கரையில் குளிக்க இறங்கிய அன்னப் பெண்களில் ஒருத்தியின் இறகு ஆடையை ஒரு வேட்டைக்காரன் ஒளித்து வைத்து அவளை மணக்கிறான். அவனுக்குப் பதினொரு பிள்ளைகள், அவர்களே பதினொரு ஹோரி குலங்கள். மேற்கே இருக்கும் ஏஹிரித், புலகத் குலங்களுக்கு மூதாதை ஒரு தெய்வீகக் காளை. ஹோரிகளின் பாரம்பரியத் தொப்பியைக் கிட்டத்தில் பார்த்தால் இந்தக் கதை துணியிலேயே தைக்கப்பட்டிருக்கும்: நீலத் துணியில், கூம்பிய உச்சிக்குக் கீழே, குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே ஓடும் பதினொரு தையல் வரிகள், உச்சியில் சிவப்புக் குஞ்சம். எல்லை மூன்றாகப் பிரித்த பிறகும் இந்தத் தொப்பி மூன்று நாடுகளிலும் மாறவில்லை.

17-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய மன்னருக்காகப் போரிட்ட கோசாக் வீரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மென்மயிர்த் தோல். ஆற்றோரமாக மரக் கோட்டைகள் கட்டிக்கொண்டே முன்னேறினார்கள்: 1631-இல் பிராத்ஸ்க், 1654-இல் பலகான்ஸ்க், 1661-இல் இர்குத்ஸ்க், 1666-இல் இன்று உலான் உதே என்று அழைக்கப்படும் ஊர். ஒவ்வொரு கோட்டையைச் சுற்றியும் இருந்த குலங்கள் ஆண்டுதோறும் தோல் வரி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பிணையாகப் பெரியவர்களைப் பிடித்து வைப்பார்கள். பலகான்ஸ்கில் இவான் பொஹாபொவ் என்ற கோசாக் தலைவனின் கொடுமை தாங்காமல் 1658-இல் புரியாத்துகள் கூட்டங்கூட்டமாக மங்கோலியாவுக்கு ஓடினார்கள். பின்னர் அவர்களில் பலர் திரும்பியும் வந்தார்கள், ஏனென்றால் தெற்கிலும் நிம்மதி இல்லை.

இந்தத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிய ஓட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. மங்கோலிய இளவரசர்கள் தங்கள் குடிகளைச் சொத்துபோல நடத்தினார்கள். ஹோரிகளின் நாட்டார் கதையில் பல்ஜின் ராணி என்று ஒருத்தி வருகிறாள். அவளுக்குச் சீதனமாகவே ஹோரி குலங்கள் கொடுக்கப்பட்டன. கணவன் வீட்டார் துன்புறுத்த, தன் மக்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே தப்பி ஓடுகிறாள். துரத்தி வந்த படை அவளைக் கொல்கிறது. மக்கள் மட்டும் தப்பி ஓனோன் பக்கம் குடியேறுகிறார்கள். கதைதான். ஆனால் 1688-இல் மேற்கு மங்கோலிய மன்னன் கல்தான் கல்கா நாட்டின் மேல் படையெடுத்தபோது கல்கா குடும்பங்கள் பல செலங்கா ஆற்றுப் பக்கம் ஓடி வந்தது வரலாறு. சோங்கோல், சர்துல் போன்ற அந்தக் குலங்களின் வழி வந்தவர்கள் இன்று புரியாத்துகளாகவே எண்ணப்படுகிறார்கள். அவர்களின் முப்பாட்டன் கல்காவாகப் பிறந்திருக்கலாம்!

பெயர்களைப் பிரித்தது எல்லைக்கோடு. 1689-இல் நெர்ச்சின்ஸ்க் ஒப்பந்தம், 1727-இல் கியாக்தா ஒப்பந்தம். ரஷ்யாவும் சீனாவை ஆண்ட சிங் (Qing) அரசும் தூதர்களை அனுப்பி, மலை உச்சிகளில் கல் குவியல்களை அடையாளம் வைத்துக் கோடு இழுத்தன. அதற்குச் சற்று முன்பே, 1703-இல், ஹோரி தலைவர்கள் குதிரையேறி மாஸ்கோ வரை போய் ரஷ்ய மன்னர் பீட்டரைச் சந்தித்து, கோசாக்குகள் பறித்த மேய்ச்சல் நிலம் எங்களுடையது என்று ஆணை வாங்கி வந்தார்கள். புரியாத் வரலாற்றில் இந்தப் பயணத்துக்குத் தனி மரியாதை உண்டு. 'விரும்பியே ரஷ்யாவோடு சேர்ந்தோம்' என்பதற்கான ஆதாரமாக அரசும் இதை எடுத்துக்காட்டியது. எனக்கு அதில் தெரிவது வேறு. அடித்தவனின் எஜமானிடமே போய் முறையிடுவதைத் தவிர அவர்களுக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை. கோட்டின் அந்தப் பக்கம் போனவர்களுக்கு வேறு பெயர் வந்தது. பைக்கால் பக்கத்துப் பூர்வீகம் கொண்ட பர்கா மக்களை 1730-களில் சிங் அரசு ஹுலுன்புயிரில் எல்லைக் காவலுக்குக் குடியமர்த்தியது. மொழியிலும் குலப் பெயர்களிலும் புரியாத்துகளுக்கு அவ்வளவு நெருக்கமான அவர்கள் இன்று 'பர்கா மங்கோலியர்'.

மதத்திலும் அதே வேலை நடந்தது. திபெத்திய பௌத்தம் மங்கோலியா வழியாகக் கிழக்குப் புரியாத்துகளிடம் வந்து சேர்ந்தது. துறவிகள் வழிகாட்டலுக்கு எல்லைக்கு அப்பால் உள்ள உர்காவை (இன்றைய உலான்பாத்தர்) பார்த்துக்கொண்டிருப்பது ரஷ்ய அரசுக்குப் பிடிக்கவில்லை. அதனால் 1741-இல் 150 லாமாக்களுக்கு அரசு அங்கீகாரம், 1764-இல் பண்டித காம்போ லாமா என்ற தனித் தலைமைப் பதவி. மேற்குப் புரியாத்துகள் ஷாமன் (ஆவிகளோடு பேசும் பூசாரி) வழிபாட்டோடு இருந்தார்கள், ஒரு பகுதியினர் ரஷ்யத் திருச்சபைக்குப் போனார்கள். கிழக்கும் மேற்கும் ஒரே மக்கள் என்ற எண்ணமே 19-ஆம் நூற்றாண்டில், படித்தவர்கள் மத்தியில்தான் வலுத்தது என்பது என் கருத்து.

இனி பெரிய இடப்பெயர்ச்சி. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய மங்கோலியப் புரியாத்துகளும் ஷெனெஹென் புரியாத்துகளும் இதிலிருந்துதான் பிறந்தார்கள்.

1822-இல் வந்த சட்டம் புரியாத்துகளுக்குத் 'ஸ்தெப் தூமா' என்ற சொந்த நிர்வாக மன்றங்களைக் கொடுத்திருந்தது. குலத் தலைவர்களே வரி வசூலித்து, வழக்குத் தீர்த்து வந்தார்கள். சைபீரிய ரயில் பாதை வந்ததும் நிலைமை மாறியது. ஐரோப்பிய ரஷ்யாவிலிருந்து நிலமில்லாத விவசாயிகளைக் கொண்டுவந்து குடியேற்ற இடம் வேண்டும். 1897-இல் ஒரு அரசுக் குழு பைக்காலுக்குக் கிழக்கே நிலங்களை ஆராய்ந்தது. அதன் பிறகு வந்த சட்டப்படி ஒரு ஆணுக்கு 15 தெசியாத்தினா, நம் கணக்கில் சுமார் 40 ஏக்கர், மீதி அரசுக்கு. 40 ஏக்கர் என்றால் நம் ஊர் விவசாயிக்குப் பெரிய சொத்து. ஆனால் புரியாத் மேய்ப்பனின் நிலையை யோசித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும் நாடு. கோடையில் ஆற்றங்கரை, இலையுதிர் காலத்தில் மலைச்சரிவு, குளிரில் காற்று மறைக்கும் பள்ளத்தாக்கு, வசந்தத்தில் கன்றும் குட்டியும் ஈனுவதற்குத் தனி இடம் என்று மந்தையோடு சுற்றினால்தான் பிழைப்பு. ஒரே இடத்தில் வேலி போட்டு 40 ஏக்கர் தந்தால் இரண்டாம் ஆண்டே புல் தீர்ந்துவிடும். தூமாக்களும் 1900-களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டன. பைக்காலுக்குக் கிழக்கே உள்ள அகா பகுதி ஹோரிகளுக்கு ஓனோன் ஆற்றைப் பிடித்துத் தெற்கே போனால் எல்லைக்கு அப்பால் அதே புல்வெளி, அதே குலப் பெயர்கள். போகத் தொடங்கினார்கள்.

1916-இல் போர்முனைக்குப் பின்னால் பள்ளம் தோண்டும் வேலைகளுக்கு ஆண்களைக் கட்டாயமாக இழுத்துப் போனார்கள். 1917-இல் புரட்சி, உடனே உள்நாட்டுப் போர். பைக்காலுக்குக் கிழக்கே புரட்சியாளர்களின் செம்படை, அவர்களை எதிர்த்த வெண்படை, ஜப்பானியர், கோசாக் தலைவன் செமியோனொவ் என்று ஆளுக்கு ஆள் வந்து குதிரையையும் ஆட்டையும் பிடுங்கினார்கள். 1918-இலிருந்து சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எல்லை தாண்டின. பலர் கெந்தி, தோர்னோத், செலங்கே மாகாணங்களில் தங்கினார்கள்; இன்னொரு கூட்டம் ஹுலுன்புயிர் அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி ஷெனெஹெனில் குடியேறியது. 1929-க்குப் பிறகு சோவியத் அரசு கூட்டுப்பண்ணைக்காக மந்தைகளைப் பறித்தபோது அடுத்த அலை கிளம்பியது.

போனவர்கள் தங்கள் வாழ்க்கை முறையையும் சேர்த்தே கொண்டு போனார்கள்: மரவீடு, குளிருக்கு முன் புல்லறுத்துப் போர் போட்டு வைக்கும் வழக்கம், ரொட்டி, உருளைக்கிழங்குத் தோட்டம். கல்கா அண்டை வீட்டாருக்கு இதெல்லாம் ரஷ்யப் பழக்கமாகத் தெரிந்தது.

புரியாத்துகள் மேல் விழுந்த சந்தேகத்துக்கு அரசியல் காரணமும் உண்டு. செமியோனொவுக்குப் பாட்டி வழியில் புரியாத் ரத்தம். அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசுவான். ஜப்பானின் ஆதரவோடு 1919-இல் சித்தா நகரில் மாநாடு கூட்டி, புரியாத், உள் மங்கோலியா, ஹுலுன்புயிர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய மங்கோலிய நாடு அமைப்பதாக அறிவித்தான். கல்காக்களின் அரசு, அதாவது அன்றைய மங்கோலிய அரசு, அதில் சேர மறுத்துவிட்டது. திட்டம் சில மாதங்களில் கலைந்தது. ஆனால் 'புரியாத் என்றால் ஜப்பானின் பெரு-மங்கோலியக் கனவு' என்ற முத்திரை மட்டும் அழியவில்லை.

இதே காலத்தில் மங்கோலியாவின் நவீன நாட்டையே கட்டியெழுப்பியவர்களில் முன்வரிசையில் நின்றவர்களும் புரியாத்துகள்தான். அகாவைச் சேர்ந்த சிபென் ஜம்சரானோ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கற்றவர். மங்கோலியாவின் தொடக்க காலப் பத்திரிகைகளை நடத்தினார், 1921-இல் தொடங்கிய நூல் ஆய்வுக் கழகத்தை வளர்த்தார், இன்றைய அறிவியல் அகாதெமி அதன் வாரிசு. எல்பெக்தோர்ஜ் ரின்சினோ புரட்சி அரசின் மூளையாக இருந்தார். படித்த புரியாத் இல்லாமல் பள்ளியும் அச்சகமும் ஓடாத காலம் அது. அந்த நன்றி நீடிக்கவில்லை. ஜம்சரானோ 1932-இல் லெனின்கிராடுக்கு அனுப்பப்பட்டு, 1937-இல் கைதாகி, 1942-இல் சிறைவாசத்தில் இறந்தார். ரின்சினோ 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 13-ஆவது தலாய் லாமாவுக்கு ஆலோசகராக இருந்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பௌத்தக் கோயில் எழுப்பிய அக்வான் தோர்ஜியேவும் அதே ஆண்டு உலான் உதேயில் காவலில் இருந்தபோது இறந்தார்.

தலைவர்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1933-இல் கட்சிச் செயலாளர் ல்கும்பே ஜப்பானின் உளவாளி என்று ஒரு வழக்கு ஜோடிக்கப்பட்டது. கெந்தியிலும் தோர்னோத்திலும் நூற்றுக்கணக்கானோர் கைது, பெரும்பாலோர் புரியாத்துகள். அப்புறம் 1937–39. மங்கோலியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். எண்ணிக்கையில் பௌத்தத் துறவிகள் அதிகம், ஆனால் மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் புரியாத்துகள் அளவுக்கு அடிபட்ட இனம் வேறு இல்லை. எல்லை தாண்டி வந்ததே குற்றமானது. வடகிழக்குப் புரியாத் ஊர்கள் சிலவற்றில் வயதுவந்த ஆண்களே அநேகமாக மிஞ்சவில்லை. பெண்கள் தனியாக மந்தையை மேய்த்து, அப்பா பெயரைச் சொல்லாமல் பிள்ளைகளை வளர்த்தார்கள். பல குடும்பங்கள் தங்களைக் கல்கா என்று பதிந்துகொண்டன.

எல்லைக்கு வடக்கே நடந்தது பெயரையும் நிலத்தையும் வெட்டும் வேலை. 1923-இல் 'புரியாத்-மங்கோலியத் தன்னாட்சிக் குடியரசு' அமைந்தது. 1937 செப்டம்பரில் அதிலிருந்து மேற்கில் உஸ்த்-ஓர்தாவையும் கிழக்கில் அகாவையும் பிய்த்து வேறு மாகாணங்களில் சேர்த்தார்கள். 1958-இல் பெயரிலிருந்த 'மங்கோலிய' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். எழுத்தும் அப்படியே: 1931-இல் செங்குத்தான பழைய மங்கோலிய எழுத்து போய் லத்தீன் வந்தது, 1939-இல் லத்தீன் போய் சிரில்லிக். எட்டே ஆண்டுகளில் ஒரு தலைமுறை இரண்டு முறை எழுத்தறிவை இழந்தது. தாத்தா எழுதிய குலவரிசையைப் பேரனால் வாசிக்க முடியவில்லை. 2010 கணக்கெடுப்பில் ரஷ்யாவில் புரியாத் மொழி தெரியும் என்றவர்கள் சுமார் 2,18,000 பேர்தான், பாதிக்கும் குறைவு. 2008-இல் உஸ்த்-ஓர்தா, அகா இரண்டின் தனித் தகுதியும் போய்விட்டது.

ஷெனெஹென்காரர்கள் இந்த எழுத்து மாற்றங்களிலிருந்து தப்பினார்கள். உள் மங்கோலியாவில் பழைய எழுத்து நீடித்ததால் அவர்கள் இன்றும் அதை வாசிக்கிறார்கள். மொழியும் ரஷ்யக் கலப்பு குறைவாக இருக்கிறது. மற்றதெல்லாம் வந்தது: ஜப்பானிய ஆட்சி, 1945-இல் சோவியத் படை வந்து ஆட்களைப் பிடித்துப் போனது, அப்புறம் பண்பாட்டுப் புரட்சியின் கெடுபிடி. 1990-களில் சில நூறு பேர் புரியாத்தியாவுக்கும் அகாவுக்கும் திரும்பினார்கள். மொழியை மறந்த உறவினர்கள் நடுவில் அவர்கள்தான் மொழி தெரிந்தவர்கள். ஆனாலும் கடவுச்சீட்டைப் பார்த்து அவர்களைச் சீனர் என்றார்கள்.

மங்கோலியாவில் 1990-க்குப் பிறகு நடந்தது என்னை மிகவும் பாதித்த பகுதி. சோசலிச அமைப்பு உடைந்து, கூட்டுப்பண்ணை கலைந்து, வேலையும் மந்தையும் போனபோது, தோர்னோத் புரியாத்துகள் ஷாமன்களிடம் போய்க் கேட்டார்கள்: எங்களுக்கு ஏன் இவ்வளவு துன்பம்? நீங்கள் மறந்த மூதாதையர் கோபத்தில் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. யார் அந்த மூதாதையர் என்று பெயர் சொல்ல வேண்டும், பெயர் தெரிந்தால்தான் பூசை. ஆனால் பெயர் தெரிந்தவர்கள் 1930-களில் கொல்லப்பட்டார்கள், ஏடுகள் எரிக்கப்பட்டன, மிஞ்சியவர்கள் பயத்தில் வாய் திறக்கவில்லை. ஆக, ஷாமனின் மேளத்தோடு சேர்ந்தே ஒவ்வொரு குடும்பமும் தன் இடப்பெயர்ச்சி வரலாற்றைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தது. அரசு ஆவணக் காப்பகம் திறப்பதற்குக் காத்திராமல் மக்கள் தாங்களே நடத்திய விசாரணை என்றுதான் இதைச் சொல்வேன்.

1994-இல் மங்கோலியாவில் 'அல்தர்கனா' என்ற புரியாத் விழா தொடங்கியது. வேர் ஆழமாக இறங்கும் ஒரு புல்வெளிச் செடியின் பெயர் அது. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, எல்லையின் இரு பக்கத்து ஊர்களிலும் நடந்து வந்திருக்கிறது. பாட்டு, வில்வித்தை, மல்யுத்தம் எல்லாம் உண்டு. ஆனால் பலர் வருவது பிரிந்துபோன உறவைத் தேடித்தான். துறவிகள் வேறு வழியில் போகிறார்கள்: கர்நாடகத்தின் முண்ட்கோட்டில் உள்ள திரேபுங் கோமாங் மடத்தில் இன்றும் புரியாத் மாணவர்கள் படிக்கிறார்கள்.

2022 செப்டம்பர் 21-இல் ரஷ்யா உக்ரைன் போருக்கு ஆள் திரட்ட ஆணையிட்டதும் பழைய பாதை மறுபடி திறந்தது. வேலையும் சம்பளமும் குறைந்த பகுதி என்பதால் ஏற்கெனவே ஒப்பந்தச் சிப்பாய்களாகப் போனவர்கள் அதிகம்; மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் புரியாத்தியாவின் உயிரிழப்பு ரஷ்யாவிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. கியாக்தா எல்லைச் சாவடியில் கார்கள் வரிசையாக நின்றன. மங்கோலியாவின் முன்னாள் அதிபர் எல்பெக்தோர்ஜ், புரியாத்துகளும் ரஷ்யாவின் மற்ற சிறுபான்மை இனத்தவரான துவாக்களும் கல்மிக்குகளும் வாருங்கள் என்று காணொளியில் அழைத்தார். வந்தவர்கள் உலான்பாத்தரில் வாடகைக்கு அறை தேடினார்கள், வேலை தேடினார்கள், சிலர் கசாக்ஸ்தானுக்கும் கொரியாவுக்கும் போனார்கள், சிலர் பணம் தீர்ந்து திரும்பினார்கள்.

அழைப்பு உருக்கமானதுதான். சட்டம் அப்படி இல்லை. 1920-களில் எல்லை தாண்டி வந்த புரியாத்துகளுக்கு மங்கோலிய அரசு குடியுரிமை கொடுத்தது. இப்போது வருகிறவர் கையில் ரஷ்யக் கடவுச்சீட்டு. விசா இல்லாமல் 30 நாள் இருக்கலாம், அதற்கு மேல் படிப்போ வேலையோ காட்டி அனுமதி வாங்க வேண்டும். மங்கோலியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே மங்கோலியக் குடிமகனாக விரும்பும் புரியாத் முதலில் ரஷ்யக் குடியுரிமையை விட வேண்டும், அதை விடுவதற்கான மனுவை ரஷ்ய அதிகாரிகளிடம்தான் கொடுக்க வேண்டும்.